ஆட்டுக்கல்லில் நின்ற அலை

பம்புகளை நிறுத்திய பிறகும் அந்த ஒரு அலை மட்டும் விழவில்லை என்பதை முதலில் பார்த்தவர் பம்பு ஆபரேட்டர் நாச்சிமுத்து அண்ணன்தான். ஆனால் அப்போது அதைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை. தோள் கழன்று, உதடு நீலம் பாரித்து கரையில் கிடந்த கோகிலவாணியை ஜீப்பில் ஏற்ற வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி, கால்வாயில் தண்ணீரெல்லாம் வடிந்து, ஈரச் சிமெண்டின் மேல் கொக்குகள் நடை பழகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவர் நின்று பார்த்தார். ஆட்டுக்கல் என்று நாங்கள் சொல்லும் பள்ளத்தில், மேலேயும் தண்ணீர் இல்லாமல் கீழேயும் தண்ணீர் இல்லாமல், ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒரு அலை நின்ற இடத்திலேயே நுரை தள்ளி உருண்டுகொண்டிருந்தது. பம்பு ரூமுக்குப் போய் சுவிட்சு அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். அணைந்திருந்தது. சரி, காலையில் விழுந்துவிடும் என்று பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். காலையில் விழவில்லை, அந்த மாதமும் விழவில்லை, அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் அது விழவே இல்லை.

எங்கள் ஊர் குறும்பாறை அணைக்குக் கீழே இருக்கிறது. பக்கத்திலேயே நிஜ ஆறு ஓடும்போது அரசாங்கம் எதற்கு இன்னொரு ஆற்றைக் கட்டுகிறது என்று முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. வளைந்து வளைந்து இறங்கும் ஒரு சிமெண்ட் கால்வாய், அதற்குள் பாறைகளுக்குப் பதிலாக இறுக்கி வைத்த பிளாஸ்டிக் கட்டைகள், அங்கங்கே பள்ளம், அங்கங்கே படி. கீழ்க்குளத்துத் தண்ணீரைப் பம்புகள் மேல்குளத்துக்கு ஏற்றும், அது பேய் பிடித்த மாதிரி நுரைத்துக்கொண்டு இறங்கி மறுபடியும் கீழ்க்குளத்துக்கே வந்து சேரும். படகுப் போட்டிக்குத்தான் கட்டினார்களாம்: கயாக் என்கிற ஒல்லிப் படகில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, தண்ணீர் உள்ளே புகாமல் இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் பாவாடையால் படகின் வாயை மூடிக்கொண்டு, இரண்டு முனையும் தட்டையான துடுப்போடு அதில் இறங்க வேண்டும். கவிழ்ந்தால் படகோடு சேர்ந்து ஆளும் தலைகீழாகப் போவார். துடுப்பை ஒரு வீச்சு வீசி இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் மறுபடி நிமிர்வார். அதற்கு நாங்கள் உருட்டு என்று பெயர் வைத்தோம். கால்வாய்க்குப் பம்பாறு என்று பெயர் வைத்தோம்.

பம்பாற்றில் முதலில் இறங்கிய எங்கள் ஊர்ப் பெண் கோகிலவாணி. மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவள், ஒல்லி, யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். ஆனால் படகில் உட்கார்ந்துவிட்டால், தண்ணீருக்கும் அவளுக்கும் ஏற்கெனவே பேச்சு முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். எல்லோரும் தண்ணீரை அடித்துக்கொண்டு இறங்கும் இடத்தில் அவள் துடுப்பைச் சும்மா பிடித்தபடி இறங்குவாள். எல்லோரும் பயந்து ஒதுங்கும் ஆட்டுக்கல்லில், கீழே விழுந்த தண்ணீர் திரும்பி மேலேறி மாவாட்டுகிற மாதிரி சுழலும் அந்த இடத்தில், அவள் அலையின் முதுகில் ஏறி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல நின்றுவிட்டு, போதும் என்று தோன்றியபோது இறங்கிப் போவாள். ஒரு சித்திரை மாசம், மாநிலப் போட்டிக்குச் சில நாள் இருக்கும்போது அதே ஆட்டுக்கல் அவளைக் கவிழ்த்தது. துடுப்பு கட்டையில் மாட்டி வலது தோள் கழன்றது. சுழலுக்குள் படகோடு உருண்டு உருண்டு, கடைசியில் ஒற்றைக் கையால் பாவாடையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பம்பாற்றுப் பக்கமே வரவில்லை. ஊரை விட்டும் போகவில்லை. லேத் பட்டறை வைத்திருந்த குப்புராஜைக் கல்யாணம் செய்துகொண்டாள், பல்செட் செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு சந்தை வீதியில் ஒரு அறை எடுத்தாள், அச்சு எடுத்து, மெழுகில் செதுக்கி, ஈறின் நிறம் பார்த்துக் கலவை கலந்து, ஊர்க்காரர்களுக்குப் பல் செய்து கொடுத்தாள். எங்களில் பாதிப் பேர் மெல்லுவதும் சிரிப்பதும் அவள் செய்த பல்லால்தான். ஆனால் அணைக்குப் போகும் ரோட்டில் அவள் கால் வைத்ததில்லை. பஸ் அந்த வழியாகப் போனால் கண்ணை மூடிக்கொள்வாள். வீட்டில் வாளித் தண்ணீரைச் சின்னச் சொம்பால் மொண்டு குளிப்பாள் என்று அவள் மாமியார் சொல்லித் தெரியும்.

அலையோ அது பாட்டுக்கு நின்றது. முதல் வாரம் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தோம், அடுத்த வாரம் போகிற வழியில் பார்த்தோம், அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டு அதை வைத்து வேலை செய்துகொள்ளத் தொடங்கினோம். ஜமக்காளத்தையும் கம்பளியையும் லாரித் தார்ப்பாயையும் கயிற்றில் கட்டி அதற்குள் விட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால், சோப்பு இல்லாமலே வெளுத்து வந்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டை முற்றினால் இருவரும் அதன் பக்கத்தில் போய் நின்று வேண்டிய மட்டும் கத்திக்கொண்டார்கள், அந்த இரைச்சலில் அக்கம்பக்கத்துக்குக் கேட்காது என்பதால். கல்யாண ஜோடிகள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டோக்காரர்கள் அலைக்கு மேற்கே, அலைக்குக் கிழக்கே என்று வழி சொன்னார்கள். நஞ்சம்மா அக்கா அதன் எதிரில் பஜ்ஜிக் கடை போட்டாள், வியாபாரம் நன்றாக நடந்து, ஒரு தகரக் கொட்டகையும் ஆறு நாற்காலியும் ஆயிற்று. யாரோ மஞ்சள் குங்குமம் வைக்கப் பார்த்தார்கள்; ஈரத்தில் நிற்கவில்லை; சரி, அதற்கு வேண்டாம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு கோடையில் குழாயில் தண்ணீர் நின்றபோது சிலர் குடத்தோடு போய் அலையிலிருந்து மொண்டு வந்தார்கள். குடத்துக்குள்ளும் அந்தத் தண்ணீர் சும்மா கிடக்கவில்லை, விடிய விடிய மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. அதில் வைத்த ரசம் அடுப்பை அணைத்த பிறகும் சட்டிக்குள் புரண்டது. அதைக் குடித்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒரு இடத்தில் உட்காரவில்லை. மிச்சத் தண்ணீரை எடுத்து வந்து மரியாதையாக அலையிலேயே ஊற்றிவிட்டார்கள். தூரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து கருவிகளோடு வந்தவர்கள் மூன்று நாள் அளந்து பார்த்துவிட்டு, இப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று நாச்சிமுத்து அண்ணனிடம் சொன்னார்கள். "ஆமாங்க" என்றார் அவர். அவர்களுக்குப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் கோகிலவாணி கவிழ்ந்ததோடு நின்றுபோயிருந்த போட்டிகளை மறுபடி நடத்த வேண்டும் என்று மேலே முடிவெடுத்து, புதுப் பம்புகள் வந்து இறங்கின. வெளியூரிலிருந்து நல்ல நல்ல ஆட்கள் படகோடு வந்தார்கள். பம்பு ஓடி, பம்பாறு நிரம்பி, அவர்கள் நுரையைக் கிழித்துக்கொண்டு இறங்கி வருவார்கள். ஆட்டுக்கல்லுக்கு வந்ததும் அலை அவர்களைக் கவிழ்க்காது, அடிக்காது. தப்பான வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் திருப்பி அனுப்புகிற மாதிரி, படகோடு தூக்கிக் கரையில் வைத்துவிடும். ஒருவராலும் அதைத் தாண்டி அந்தப் பக்கம் போக முடியவில்லை. கடைசியில், அந்தப் பள்ளத்தையே இயந்திரம் வைத்து உடைத்துவிட்டுப் புதிதாகச் சிமெண்ட் போடலாம் என்று பேச்சு வந்தது. ஊரில் ஆளுக்கொரு அபிப்பிராயம். பஜ்ஜிக் கடையில் விவாதம் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், அணை ரோட்டில் கோகிலவாணி நடந்து வந்தாள்.

அவள் எங்களையும் பார்க்கவில்லை, அலையையும் பார்க்கவில்லை, நேராகப் பம்பு ரூமுக்குப் போனாள்.

"அண்ணா, என் படகு இருக்குதுங்களா?"

நாச்சிமுத்து அண்ணன் எழுந்து நின்றார். "இருக்குதம்மிணி. பாவாடையத்தான் எலி கடிச்சிருச்சு."

"அது எப்படியும் எனக்குப் பத்தாதுங்க."

உடைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தாயா என்று கேட்டோம். அவளுக்கு அந்தச் சேதியே தெரியாது. நடந்தது இதுதான்: முந்தின நாள் சந்தை வீதி அறையில் யாருக்கோ பல் அச்சு ஊற்றிக்கொண்டிருந்தவள், மேல் அலமாரியிலிருந்த மாவு டப்பாவை எட்டி எடுத்திருக்கிறாள், எடுத்துக் கீழே வைத்த பிறகுதான் கவனித்திருக்கிறாள், வலது கையால் எடுத்தோம் என்று. இத்தனை வருஷமாக யோசிக்காமல் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கியதே இல்லை. டப்பாவைத் திருப்பி மேலே வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வைத்திருக்கிறாள். அப்புறம் அறையைப் பூட்டியவள், விடிந்ததும் இங்கே வந்துவிட்டாள்.

குப்புராஜுக்கு இது பிடிக்கவில்லை. பட்டறையில் எங்கள் முன்னாலேயே கேட்டார்.

"ஏம்புள்ள, இந்த வயசுல எதுக்கு இது?"

"வயசு ஏறிட்டே போகுதுங்க. அதுக்குத்தான்."

"மறுபடி தோள் கழண்டா?"

"போன தடவை மாட்டுனாங்கல்லங்க. இப்பவும் மாட்டுவாங்க."

அவர் லேத்தை ஓட விட்டார். ஆனால் சாயங்காலம் பம்பாற்றுக்கு வந்து, தண்ணீரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எறிகிற கயிற்றுப் பையை நாச்சிமுத்து அண்ணனிடம் கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து தினமும், வேலை முடிந்து வந்து, கரையிலிருந்த ஒரு வேப்பமரத்தைக் குறிவைத்து எறிந்து பழகினார். முதலில் கயிறு அவர் காலிலேயே சுற்றிக்கொண்டது. ஒரு மாதத்தில், சொன்ன கிளையில் போய் விழுந்தது.

அவள் புதுப் பாவாடை ஒன்று வாங்கிக்கொண்டு கீழ்க்குளத்திலிருந்து ஆரம்பித்தாள். அசையாத தண்ணீரில் படகைக் கவிழ்த்து நிமிர வேண்டும். உடம்பு பழைய உடம்பில்லை. இடுப்பு படகுக்குள் இறங்கவே முனக வேண்டியிருந்தது. கவிழ்ந்தாள், நிமிர முடியவில்லை, பாவாடையைப் பிடுங்கிக்கொண்டு நீந்தி வந்தாள், படகிலிருந்த தண்ணீரைக் கொட்டினாள், மறுபடி உட்கார்ந்தாள். இதையே வாரக்கணக்கில் செய்தாள். முதலில் நாங்கள் சிரித்தோம் என்பது உண்மை. சிரிக்கும்போதே, அந்தப் பல் யார் செய்தது என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டோம். அப்புறம் சிரிப்பு தானாக நின்றது. ஒரு மனுஷி ஒரே காரியத்தில் அத்தனை தடவை தோற்று, ஒரு தடவையும் தண்ணீரைத் திட்டாமல், யார் மேலும் எரிந்து விழாமல், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி படகுக்குள் காலை நுழைப்பதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. காய்கறி வாங்கப் போனவர்கள் பையோடு நின்றார்கள். துணி வெளுக்க வந்தவர்கள் துணியை மறந்தார்கள். அவள் முதல்முறை முழுசாக உருண்டு நிமிர்ந்தபோது யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டோம், அது கரை முழுக்கக் கேட்டது.

மேல்குளத்திலிருந்து இறங்க அவள் தயாரானபோது நஞ்சம்மா அக்கா ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜியோடு அவளிடம் போனாள். நாங்களும் பின்னால் போனோம்.

"அம்மிணி, நீ இறங்கறது எங்களுக்கும் சந்தோசந்தான். ஆனா அது போயிருச்சுன்னா எங்க பொழப்பு என்னாகறது?"

கோகிலவாணி உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "நான் அதை எடுத்துட்டுப் போக வரலைங்கக்கா. அதத் தாண்டி அந்தப் பக்கம் போகோணும், அவ்வளவுதான். அது நிக்குமா போகுமான்னு எனக்குத் தெரியாது."

"போகாம இருந்துக்க முடியாதான்னு கேக்கறேன்."

"இருந்துக்கலாம். பத்து வருசம் இருந்து பார்த்துட்டேனுங்களே."

நஞ்சம்மா அக்காவுக்கு ஆறு நாற்காலியும் ஒரு கொட்டகையும் போகக்கூடிய விஷயம் அது. பிறகு தட்டைக் கோகிலவாணி மடியில் வைத்து, "ஆறுறதுக்குள்ள சாப்புடு" என்றாள்.

அவள் இறங்கிய நாளில் ஊர் கடைகளைச் சாத்திவிட்டு வந்திருந்தது. புதுப் பம்புகள் ஓடி, மேல்குளம் நிரம்பி வழிந்து, கால்வாய் வெள்ளையாக இறங்கியது. குப்புராஜ் ஆட்டுக்கல்லுக்குக் கொஞ்சம் கீழே கயிற்றுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை. மேலே அவள் ஹெல்மெட்டை இறுக்கினாள், பாவாடையின் விளிம்பைப் படகின் வாயில் சுற்றிலும் அழுத்தினாள், ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டாள். பிறகு வந்தாள்.

பழைய கோகிலவாணி தண்ணீரில் வழுக்கி வருவாள். இவள் அப்படி வரவில்லை. கனமாக வந்தாள், ஒவ்வொரு கட்டையையும் தெரிந்தவளாக வந்தாள், முதல் படியில் துடுப்பை ஊன்றித் திரும்பினாள், இரண்டாம் வளைவில் நீர் தேங்கும் ஓரத்தில் ஒதுங்கி நின்று மூச்சு வாங்கினாள், வெட்கப்படாமல் வாங்கினாள், மறுபடி நடுத் தண்ணீருக்குள் படகின் மூக்கை நீட்டினாள். ஆட்டுக்கல் வந்தது. அலை மற்றவர்களைத் தூக்கி வைத்தது போல அவளைத் தூக்கவில்லை. வழிவிட்டது, உள்ளே வாங்கியது, மூடிக்கொண்டது.

படகின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. அது உருண்டது. மறுபடி உருண்டது. குப்புராஜ் கையை ஓங்கினார். தலை தெரிகிறதா என்று பார்த்தார். எறிவதற்கு ஒன்றும் தெரியவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது.

உள்ளே எப்படி இருந்தது என்று பிற்பாடு அவள் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். வெளியே மார்கழிக் குளிர், அலைக்குள் சித்திரை மாசத்துத் தண்ணீர், வெதுவெதுவென்று, தோள் கழன்ற அன்றைக்கு இருந்த அதே தண்ணீர். அன்றைக்கு உருண்டது போலவே உருண்டிருக்கிறது. கை தானாகப் பாவாடையைப் பிடுங்குகிற வாரைத் தேடிப் போயிருக்கிறது. பிடித்தும்விட்டாள். பிடித்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் மூச்சு இருக்கிறதே என்று நினைத்தாளாம். வேறொன்றும் பெரிதாக நினைக்கவில்லை. வாரை விட்டுவிட்டு, தலைகீழாகக் கிடந்தபடியே தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்து, அது தள்ளும் பக்கமாகவே துடுப்பை விரித்தாள். வலது கை தலைக்கு மேல் முழுசாக நீண்டது.

அவள் நிமிர்ந்தபோது வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது, ஹெல்மெட் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, பார்க்க நன்றாகவே இல்லை. ஆனால் அவள் அலையின் முகத்தில் உட்கார்ந்திருந்தாள். தாண்டிப் போய்விடுவாள் என்று நினைத்தோம், போகவில்லை. துடுப்பை ஒரு பக்கம் லேசாக வைத்துக்கொண்டு, அலையின் மேல் இடப்புறம் போனாள், வலப்புறம் வந்தாள், மறுபடி இடப்புறம் போனாள், வாசலில் கோலம் போடுகிறவள் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகிற மாதிரி அவசரமில்லாமல். அவளுக்கடியில் அலை பச்சையாக, கண்ணாடி மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் அதில் துணி வெளுத்தவர்கள், அதன் முன்னால் சண்டை போட்டவர்கள், பஜ்ஜி தின்றவர்கள் எல்லோருமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது இவ்வளவு அழகானது என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒருத்தி அதன் மேல் உட்கார்ந்து காட்ட வேண்டியிருந்தது. குப்புராஜ் கயிற்றுப் பையைக் கீழே வைத்தார், பிறகு தானும் உட்கார்ந்தார்.

வெயில் ஏறி உச்சிக்கு வந்தது. அவள் எங்களைப் பார்த்து ஒரு தடவை சிரித்தாள். பிறகு படகின் மூக்கைத் திருப்பி, அலையின் தோளிலிருந்து வழுக்கி, அந்தப் பக்கம் இறங்கிக் கீழ்க்குளத்துக்குப் போனாள்.

நாச்சிமுத்து அண்ணன் பம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கால்வாய் வடிய வடிய, மேல்படி தெரிந்தது, கட்டைகள் தெரிந்தன, ஆட்டுக்கல்லில் மட்டும் அலை இன்னும் உருண்டுகொண்டிருந்தது. நிற்கிறது என்று நஞ்சம்மா அக்கா மெல்லச் சொன்னாள். அவள் சொல்லி முடித்ததும் அலை, எருமை படுப்பது போல, முதலில் முன்னங்காலை மடக்கி, பிறகு பின்பக்கத்தை இறக்கி, பெருமூச்சு விட்டு, சிமெண்டின் மேல் படுத்தது. பிறகு வெறும் தண்ணீராகிச் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

அவளுடைய பயம்தான் அப்படி நின்றுகொண்டிருந்தது என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். அவளிடம் கேட்டபோது, "தண்ணிக்கு என்னங்க தெரியும்" என்றாள். ஆனால் அன்றைக்கு அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்து, ஆட்டுக்கல்லின் ஈரச் சிமெண்டில் இறங்கி, அது படுத்த இடத்தில் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்ததை நாங்கள் பார்த்தோம். நாங்களும் ஒவ்வொருவராக இறங்கித் தொட்டோம். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் ஊர் தாமதமாக எழுந்தது. பழகிய இரைச்சல் இல்லாமல் காது கூசியது. ஜமக்காளத்தைக் கையால் துவைக்க வேண்டுமே என்று முணுமுணுத்தோம், நஞ்சம்மா அக்கா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போது பம்பு ஓடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். புதுத் தண்ணீர், யாரையும் தெரியாத தண்ணீர், கால்வாயில் குதித்து இறங்கிக்கொண்டிருந்தது. முதல் படியிலேயே கோகிலவாணி கவிழ்ந்தாள், நிமிர முடியாமல் நீந்திக் கரை சேர்ந்தாள், முழங்கை சிராய்த்திருந்தது. நஞ்சம்மா அக்கா கரையில் கூடி நின்ற எங்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, கடைக்குத் திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"நிறுத்தீறட்டுமா அம்மிணி?" என்று நாச்சிமுத்து அண்ணன் பம்பு ரூம் வாசலிலிருந்து கேட்டார்.

அவள் படகைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, தோளில் தூக்கிக்கொண்டு, மேல்குளத்துக்குப் போகும் படிகளில் ஏற ஆரம்பித்திருந்தாள்.

"ஓடட்டுங்கண்ணா" என்றாள்.